அக்காவின் கடலையும் என் கத்திரிக்காயும்

எங்கள் ஊர்க் கத்திரிக்காய் காலை மினி பஸ்ஸில் ஏறி அறந்தாங்கிக்குப் போகும். அங்கே கமிஷன் கடையில் கொட்டி, கடைக்காரர் சொன்ன விலைக்கு நாங்கள் தலையாட்டிய பிறகு, வேறொரு சாக்குக்குள் புகுந்து சாயங்கால பஸ்ஸில் எங்கள் ஊர் மளிகைக்கடைக்கே திரும்பி வரும். காலையில் விற்றவளே சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போய் அதை வாங்குவாள். ஒரு நாள் என் கொல்லைக் காயையே நான் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வந்த ஆத்திரத்தில் மளிகைக்கடைக்காரரைக் கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? அவரும் பஸ் டிக்கெட் எடுத்துத்தானே அதைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

காய் மட்டுமல்ல, காசும் அப்படித்தான். வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார். அவர்கள் அனுப்பும் பணம் அறந்தாங்கியில் இறங்கும். அங்கேயே நகைக்கடை, ஜவுளிக்கடை, சிமென்ட் கடை என்று சுற்றிவிட்டுக் கரைந்துபோகும். ஊருக்குள் வந்து சேருவது புது வீட்டுப் பெயிண்ட் வாசனைதான். வீடெல்லாம் மாடி, நிலமெல்லாம் தரிசு. தரிசாகப் போட மனமில்லாதவர்கள் தைலமரம் வைத்துவிட்டார்கள். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், களை எடுக்க வேண்டாம், அதைப் பார்த்துக்கொண்டு யாரும் ஊரில் இருக்கவும் வேண்டாம்.

என் வீட்டுக்காரரும் குவைத்தில் இருந்தவர்தான். கல்யாணமான மறு வருஷமே போனார். பெரிய காய்கறிக் கடை ஒன்றில் வேலை. விடுமுறைக்கு வருவார், வந்த அலுப்புத் தீருவதற்குள் கிளம்பிவிடுவார். வீடு கட்டியாயிற்று. ஒரே மகள் படித்து முடித்து சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். போன சித்திரையில் வந்தவரிடம், மறுபடியும் அதே கடையில் வேலை தயாராக இருக்கிறது, ஆவணி பிறந்ததும் வந்து சேர வேண்டும் என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். ஆடி முடிவதற்குள் இவர் பதில் சொல்ல வேண்டும்.

“போகணுமாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“இங்கிட்டு எனக்கு என்ன வேலை இருக்கு?” என்றார்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் நிற்காமல் போனால் டிரைவரை வழிமறித்துச் சண்டை போடுகிறவள் நான். ஆனால் ‘போகாதீங்க’ என்ற ஒரு சொல் மட்டும் இத்தனை வருஷத்தில் என் வாயில் வந்ததில்லை. பயணம் கிளம்புகிறவரைத் தடுத்துப் பேசுவது அபசகுனம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். சிரித்த முகமாக விபூதி பூசி அனுப்ப வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் அனுப்பினேன். அழுவதெல்லாம் கார் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான்.

அந்த வைகாசியில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் வீடு வீடாக வந்தார். அவரும் என் வயதுப் பெண்தான். ஊருக்குக் கிழக்கே சந்தைப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. பெயர்தான் சந்தைப்பேட்டை. சீமைக்கருவை மண்டி, உள்ளே ஆடுகூட நுழைய யோசிக்கும். அதை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து, தகரக் கொட்டகை போட்டு, தண்ணீர்க் குழாயும் வைத்துவிட்டார்.

“வியாழக்கிழமை சந்தை. கொல்லையில என்ன வெளையுதோ கொண்டுவந்து வச்சு ஒக்காருங்க. நம்ம பொருளுக்கு அடுத்தவன் எதுக்கு வெலை சொல்லணும்? நாமளே சொல்லுவோம்” என்றார்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. காய்கறிக் கடையிலேயே காலத்தைக் கழித்தவர் அல்லவா? வியாழக்கிழமை விடிந்ததும் எனக்கு முன்னால் அவர் கிளம்பி நின்றார். சந்தையில் எனக்கு ஒரு இடம் பிடித்து, தார்ப்பாய் விரித்து, கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி கோபுரமாக அடுக்கினார். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதன் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தார்.

“ஏங்க, காய்க்கடை வச்சிருக்கீங்களா, சலூன் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“பளபளன்னு இருந்தாத்தான் ஆள் நிப்பாங்க” என்றார். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் முன்னால் ஒரு சாக்கு நிறையக் கடலை, அப்போதுதான் பறித்துக் காயவைத்தது. அடுத்து ஒருவர் பாகற்காய், ஒருவர் வெண்டை, ஒருவர் பலாப்பழம். கடைசியில் கட்டுமாவடியிலிருந்து லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவந்த ஓர் அம்மா. சந்தை என்றால் மீன் இருக்க வேண்டும் என்று தலைவர் சொல்லி வரவழைத்திருந்தார். ஊரே வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பாட்டு வேறு. எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

முதல் ஆளாக என் அயித்தை வந்தார். என் அப்பாவின் தங்கை, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கோபுரத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “கத்திரிக்கா என்ன வெலை போடுற?” என்று கேட்டார்.

விலையெல்லாம் முதல் நாளே பேசி வைத்திருந்தோம். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “ஒங்களுக்கு என்ன வெலை அயித்தை? பையை நீட்டுங்க.”

பையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்து வந்தவர் சித்தப்பா முறை. அதற்கடுத்து என் நாத்தனாரின் சம்பந்தி. பிறகு என் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொண்ட மாமன். இவர்களிடம் எப்படிக் காசு கேட்பது? எங்கள் ஊரில் மூன்று தெருதான். யாரைத் தொட்டாலும் மாமன், மச்சான், அண்ணன், சம்பந்தி. ரத்த உறவு இல்லாதவர்களையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். கொல்லையில் காய்த்ததை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோமே தவிர, காசு வாங்கினதில்லை. சுரைக்காய் கொடுத்தால் முருங்கைக்காய் வரும். அதுவும் வராவிட்டால் ஒரு வார்த்தையாவது வரும். கமிஷன் கடைக்காரரிடம் ஒரு ரூபாய்க்குச் சண்டை பிடிக்கிற நாங்கள், சொந்த ஊரில் ஒரு கத்திரிக்காய்க்கு விலை சொல்ல நாக்கு எழாமல் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்தில் அக்கா முறம் முறமாகக் கடலையை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாகற்காய்க்காரர், “கசப்புக்கெல்லாம் காசா மச்சான், கொண்டு போங்க” என்று சிரித்தார். இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் என்ன செய்தார் தெரியுமா? அவரோடு படித்த சிநேகிதர் ஒருவர் வந்தார். கத்திரிக்காயோடு நாங்கள் கொண்டுவந்திருந்த எங்கள் கொல்லையின் பெரிய பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். இவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“குவைத்துல இப்படித்தான் வியாபாரம் பண்ணுவாகளோ?” என்று அக்கா கேட்டாள். அவர் பாட்டிலை எடுத்துக் காலியான தார்ப்பாய்க்குத் தண்ணீர் அடித்தார்.

மதியத்துக்குள் சந்தை காலி. எல்லார் பையும் நிறைந்திருந்தது. எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஒருவர் கையிலும் காசு இல்லை. இருந்தது கட்டுமாவடி அம்மாவின் சுருக்குப்பையில் மட்டும்தான். அவர் எங்களுக்கு எந்த முறையும் இல்லை. அதனால் அவர் சொன்ன விலைக்கு எங்கள் ஊர் மறுபேச்சு இல்லாமல் மீன் வாங்கியிருந்தது.

“தங்கமான ஊருங்க இது. வாரா வாரம் வாரேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அன்று சாயங்காலம் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சம் அல்ல. ஆனால் என் வீட்டுக்காரர் சிரித்து முடித்ததும், “இது ஆகாது. இந்த ஊர்ல வியாபாரம் ஆகாது” என்றார். வியாபாரம் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரத்துக்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயால்தானே விலை சொல்ல முடியவில்லை, எழுதி வைத்துவிடலாம். மகள் படித்த காலத்துச் சிலேட்டோடு அக்கம்பக்கத்துப் பழைய சிலேட்டுகளையும் தேடி எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, அழகான கையெழுத்தில் விலை எழுதிக் குவியல் மேல் சாய்த்து வைத்தார். குவைத்தில் அப்படித்தான் வைப்பார்களாம். யாரும் யாரோடும் பேசவே வேண்டாமாம்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. வந்தவர்கள் தள்ளி நின்று சிலேட்டைப் படித்தார்கள். படித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். “நல்லா இருக்கியாத்தா?” என்று விசாரித்தார்கள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமன் மட்டும் நேரே வந்து, சிலேட்டை விரலால் தட்டி, “இது எனக்கும் சேத்தா?” என்று கேட்டார். அக்கா பதறிப்போய்த் தன் சிலேட்டை முந்தானையால் மூடினாள், மற்றவர்களும் மூடினார்கள். பிறகு அவர் தலை மறைகிறவரை யாருமே சிலேட்டைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பாதிக் காய் வாடிப்போய் வீட்டுக்குத் திரும்பியது. அதே நாள் சாயங்காலம் மாமன் அறந்தாங்கியிலிருந்து கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்நியருக்குக் காசு கொடுக்கக் கை நீளும், சொந்தக்காரரிடம் வாங்கக் கூசும். இப்படி ஓர் ஊர் எப்படி முன்னுக்கு வரும் என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜர் அந்த வாரமும் போன் செய்தார். “சொல்றேன் சார், ஆடிக்குள்ள சொல்லிடுறேன்” என்று இவர் வாசலில் நின்று பேசுவது அடுப்படி வரை கேட்டது. நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மூன்றாவது வியாழக்கிழமை சந்தைக்கு வந்தவர்களே குறைவு. சிலேட்டெல்லாம் வீட்டோடு நின்றுவிட்டது. நானும் அக்காவும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குப் போன் வந்தது. அவளுடைய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு யாருடைய உளுந்துக் கொல்லையிலோ இறங்கிவிட்டதாம்.

“அடி ஆத்தே! கடலையைப் பாத்துக்க, இந்தா வந்துடுறேன்” என்று எழுந்து ஓடினாள். அவள் போன கையோடு அயித்தை வந்தார். நேரே கடலைச் சாக்கு முன்னால் வந்து நின்றார்.

“கடலை என்ன வெலை?”

நான் விலையைச் சொன்னேன். கணீரென்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கமிஷன் கடையில் பேசுகிற என் பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

அயித்தையும் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கொஞ்சம் கொறச்சுப் போடேன்.”

“இது என்னுதா அயித்தை, என் இஷ்டத்துக்குக் கொறைக்க? அக்காவோடது. நம்பி விட்டுட்டுப் போயிருக்காக. நான்ல அவுகளுக்குப் பதில் சொல்லணும்.”

நான் பயந்த மாதிரி அவர் முகம் சுளிக்கவில்லை. “அதுவும் சரிதான். அடுத்தவ பொருளை எப்படி நீ விட்டுக் குடுப்ப?” என்று சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, நான் ஒரு பிடி கூடப் போடுகிறேனா என்றுகூடப் பார்க்காமல் போனார். அவர் எனக்குக் கொடுத்தால்தான் சங்கடம். என் வழியாக இன்னொருத்திக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பின்னாடியே வந்த சித்தப்பாவிடமும் அதே விலை, அதே பேச்சு. அவரும் வாங்கினார். ஆட்டை இழுத்துக் கட்டிவிட்டு மூச்சிரைக்க வந்த அக்காவின் கையில் நான் காசை வைத்ததும் அவள் திகைத்துப்போனாள்.

“எவ தலையில கட்டுன?”

“அயித்தை தலையிலதான்.”

“அடிப்பாவி! சண்டை போட்டாகளா?”

“சந்தோசமாக் குடுத்துட்டுப் போனாக. நீங்க இந்தப் பக்கம் வாங்க. என் கத்திரிக்காய்க்கு முன்னாடி ஒக்காருங்க.”

இடம் மாறி உட்கார்ந்தோம். அடுத்து வந்தவர் மாமன். கத்திரிக்காயைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். அக்கா விலையைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. “நான் என்ன பண்றது, அவ கொல்லைக் காயி. ஒரு ரூவா கொறஞ்சாலும் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அவ வாயி ஒங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிப் பை நிறையப் போட்டுக் காசை வாங்கிவிட்டாள். நான் பக்கத்தில் கடலைச் சாக்கைப் பார்த்தபடி காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கொட்டகைத் தூணில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் வாரத்துச் சிரிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நான்காவது வாரத்திலிருந்து ஊரே இடம் மாறி உட்கார்ந்தது. யாரும் தன் பொருளைத் தான் விற்பதில்லை. பாகற்காய்க்காரர் வெண்டை விற்பார், வெண்டைக்காரி பலாப்பழம் விற்பாள். வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால், “இது யாரோடது?” என்று கேட்பார்கள். சொன்னால் சரி என்று வாங்கிக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. “ஏங்க, ஒங்க ஊர்ல ஒருத்தர்கூடச் சொந்தமா வெவசாயம் பண்றதில்லையா?” என்று ஒருவர் கேட்டே விட்டார்.

தகராறு வராமல் இல்லை. ஒருவர் அடுத்தவர் பொருள் என்ற வீராப்பில் பூசணிக்காய்க்கு யானை விலை சொல்லி, ஒன்றைக்கூட விற்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பூசணிக்காரர் அவரை அடிக்காத குறைதான். விலையில் ஏற்ற இறக்கம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். காலையில் அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டு, ஒலிபெருக்கியில் சொல்வார். அவர் சொன்னதுதான் விலை. தராசுகளைச் சரிபார்ப்பார். காய் வாடாமல் ஈரச்சாக்கு போர்த்தச் சொல்லிக்கொடுப்பார். கோபுரம் அடுக்குவதும் தண்ணீர் அடிப்பதும் எல்லாக் கடைக்கும் பரவிவிட்டது. எங்கள் சந்தைக்கு வந்தால் கண் கூசும்.

ஊரே தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். தைலமரம் இன்னும் நிற்கிறது. கமிஷன் கடைக்கும் காய் போகிறது. ஆனால் மளிகைக்கடைக்காரர் அறந்தாங்கிக்குப் போய் வாங்குவதை விட்டுவிட்டு வியாழக்கிழமை சந்தையிலேயே எடுத்துக்கொள்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் வருகிறார்கள். வளையல் கடை வந்தது, டீக்கடை வந்தது, வடை வாசனை வந்தது. போர்வெல் இருந்தும் சும்மா கிடந்த கொல்லைகளில் இரண்டு மூன்று பேர் வெண்டை ஊன்றினார்கள். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்தது. காசு எங்கள் ஊரில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், கொஞ்ச நேரமாவது தங்கியிருந்துவிட்டுப் போகிறது. அதுவே எங்களுக்குப் புதுசு.

இவ்வளவு நடந்தும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆடி பாதி கடந்தது. மேனேஜர் போன் வந்தால் வாசலுக்குப் போவதும், ‘சொல்றேன் சார்’ என்பதும் நிற்கவில்லை. கேட்டுவிடு, கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. கேட்க முடியாத கோபத்தில் என்ன செய்தேன் என்றால், வழக்கம்போல் அவருக்கு இட்லிப்பொடி இடிக்கவும் நார்த்தங்காய் ஊறுகாய் போடவும் ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பும்போது செய்கிற வேலை அது. அவர் அடுப்படிக்கு வந்து ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார். திரும்பி வெளியே போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த அக்காதான், “எதுக்குடி இது?” என்று கேட்டாள்.

“எதுக்கா இருக்கும்? போறவுகளுக்குத்தான்.”

“போறேன்னு சொன்னாகளா?”

“சொல்லல.”

“நீ கேட்டியா?”

நான் மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு அது வசதியாகப் போயிற்று.

ஆடி கடைசி வியாழக்கிழமை. சந்தையில் நல்ல கூட்டம். நான் அக்காவின் கடலை முன்னால், அவள் என் கத்திரிக்காய் முன்னால். வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், என் வீட்டுக்காரர் யாருடைய தராசையோ கையில் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

“தம்பி, இங்கிட்டு வாங்க” என்று அக்கா கூப்பிட்டாள்.

வந்து நின்றார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்காக இல்லை. இவளுக்காகக் கேக்குறேன். இவ கேக்கமாட்டா. வெளிநாட்டுக்குப் போகாதீங்க தம்பி. இங்கயே இருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘சும்மா இருங்கக்கா’ என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையை உதறிவிட்டு, விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தராசைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கத்திரிக்காயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவிடமே சொன்னார்.

“இத்தன வருசத்துல என்னை யாரும் போகாதன்னு சொன்னதே இல்லை மதினி. ஒவ்வொரு தடவையும் சிரிச்ச மூஞ்சியா அனுப்பி வச்சாக. சரி, நாம போறதுதான் வீட்டுக்கு நல்லதுபோலன்னு நெனச்சுக்கிட்டு போனேன். இந்தத் தடவையும் ஊறுகாயெல்லாம் போட்டாச்சு. இருக்கேன்னு நான் எப்படிச் சொல்றது?”

எனக்கு அப்போது வந்தது அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும். கடலை வாங்க வந்து நின்ற யாரோ ஒரு வெளியூர்ப் பெண், “என்னங்க ஆச்சு?” என்று பதறினாள். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் காரிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தது இதற்குத்தானா? நான் தைரியமாகச் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேனே. மனசு வலித்தது. நன்றாகவே வலித்தது.

“அப்ப இருக்கீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க” என்றாள் அக்கா. அவளுக்கு வியாபாரம் முடிய வேண்டும்.

“இருக்கேன் மதினி.”

அங்கேயே, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டார். நன்றாக இருக்கிறேன் என்றார், மழை இல்லை என்றார், வரவில்லை சார் என்றார். பிறகு தராசை எடுத்துக்கொண்டு அது சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் சாக்குகளை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா வேண்டுமென்றே பின்னால் தங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போனோம். பிறகு நான் நின்றேன்.

“போகாதீங்க” என்றேன்.

“அதான் போகலைன்னு சொல்லியாச்சுல்ல? போன்கூடப் பண்ணியாச்சு.”

“அது அக்கா கேட்டது. இது நான் கேக்குறேன். போகாதீங்க.”

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். “இன்னொரு தடவை கேளு” என்றார்.

கேட்டேன்.